மடல் சொன்னதும் வார்டில் நடந்ததும்

கருத்தடையைப் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை கற்பிப்பது ஒன்றாகவும் அதன் குடும்பங்கள் கடைப்பிடிப்பது வேறொன்றாகவும் இருப்பதை அறிய உலகப் புள்ளிவிவரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியையும் அதன் அருகிலுள்ள பூண்டி மாதா பேராலயத்தையும் சுற்றிய நெல்வயல் ஊர்களில் ஞாயிறு பூசைக்கு வரும் இளம் தம்பதியரின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைகளை எண்ணினாலே போதும். இந்த இடைவெளி மேலைநாடுகளில் பல்கலைக்கழக இறையியலாரின் உரத்த எதிர்ப்பாக வெளிப்பட்டு, வழக்காகவும் விசாரணையாகவும் பதவிநீக்கமாகவும் வளர்ந்தது. டெல்டாவிலோ அது ஒரு வாதமாகவே உருவெடுக்காமல், அரசு மருத்துவமனையின் மகப்பேறு வார்டில் ஒரு கையெழுத்தாக முடிந்துபோனது. இரண்டுக்கும் பொதுவான சொல் மனச்சாட்சி என்பதுதான் என்றாலும், அச்சொல்லை வாஷிங்டனில் உச்சரித்தவர்களுக்குக் கிடைத்த கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட இங்கே அதை உச்சரிக்காமலே செயல்பட்ட பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

கிறிஸ்தவச் சபைகளுக்குள் இந்த விவகாரத்தில் முதல் பிளவு 1930இல் தோன்றியது. அவ்வாண்டு இலண்டனின் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்க ஆயர்கள், தக்க காரணமிருந்தால் தம்பதியர் கருத்தடையைக் கையாளலாம் என்று வரம்புக்குட்பட்டு இசைவளித்தனர். அதே ஆண்டின் கடைசி நாளில் பதினோராம் பத்திநாதர் 'காஸ்தி கொனூபியி' என்னும் சுற்றுமடலை, அதாவது உலகத் திருச்சபை முழுவதற்குமாகப் பாப்பரசர் விடுக்கும் போதனை மடலை, வெளியிட்டு அந்த வாசலை மூடினார். அவருக்குப்பின் வந்த பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் இத்தாலிய மருத்துவச்சிகளிடையே ஆற்றிய உரையில், தக்க காரணம் உள்ளவர்கள் கரு தங்காத நாள்களை மட்டும் தேர்ந்துகொள்வதில் குற்றமில்லை என்று சொல்லி ஒரு சன்னலை மட்டும் திறந்துவைத்தார். 1960இல் அமெரிக்க அரசு கருத்தடை மாத்திரையை அனுமதித்தபோது, அம்மாத்திரையின் ஆய்வில் முன்னின்ற மருத்துவர்களுள் ஒருவரான ஜான் ராக் நாள்தோறும் பூசைக்குச் செல்லும் கத்தோலிக்கர் என்பதும், மாத்திரை செய்வது இயற்கையான கருத்தங்காக் காலத்தை நீட்டிப்பதே என்று அவர் வாதிட்டதும் சிக்கலை இன்னும் கூர்மையாக்கின.

பாப்பரசர் இருபத்துமூன்றாம் யோவான் இதை ஆராய 1963இல் ஆறுபேரைக் கொண்டு அமைத்த ஆய்வுக்குழுவை, அவருக்குப்பின் வந்த ஆறாம் பவுல் விரிவாக்கி, இறையியலார், மருத்துவர், மக்கள்தொகை அறிஞர், ஆயர் ஆகியோருடன் மணமான தம்பதியரையும் சேர்த்து, எழுபதுக்கும் மேற்பட்டோர் அடங்கிய அவையாக்கினார். அதன் ஆயர்களுள் பம்பாய்ப் பேராயர் கர்தினால் வலேரியன் கிராசியஸும் ஒருவர். ஆறாம் பவுலே 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்து இந்திய வறுமையை நேரில் கண்டவர் என்பதால், குழுவின் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்ற எதிர்பார்ப்பு இந்தியாவிலும் இருந்தது. 1966இல் குழுவின் பெரும்பான்மை, தாம்பத்திய வாழ்வு முழுமையாகப் பார்க்கும்போது குழந்தைப்பேற்றுக்குத் திறந்திருந்தால் போதும், ஒவ்வொரு சேர்க்கையும் தனித்தனியே அவ்வாறிருக்க வேண்டுவதில்லை என்ற கருத்தை முன்வைத்தது. அமெரிக்க இயேசுசபையார் ஜான் ஃபோர்டு உள்ளிட்ட சிறுபான்மையினர், இத்தனை காலம் திருச்சபை தவறாகக் கற்பித்தது என்று ஒப்புக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை எழுப்பினர். அந்தக் கேள்விதான் வென்றது.

1968 ஜூலை 25 என்று தேதியிடப்பட்ட 'ஹூமானே வீத்தே' சுற்றுமடல், பொறுப்புள்ள பெற்றோராய் இருப்பது கடமையே என்று ஏற்றுக்கொண்டு, ஆனால் தாம்பத்தியச் சேர்க்கை ஒவ்வொன்றும் உயிர் பிறப்பதற்குத் தன்னளவில் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. இயற்கைச் சட்டம், அதாவது படைப்பின் அமைப்பிலேயே கடவுள் எழுதிவைத்ததும் பகுத்தறிவால் எவரும் படித்தறியக்கூடியதுமான ஒழுங்கு, என்பதே அதன் அடித்தளம். மாத்திரையைப் பற்றியே உலகம் பேசிக்கொண்டிருந்தாலும், ஆணுக்கோ பெண்ணுக்கோ, நிலையாகவோ தற்காலிகமாகவோ செய்யப்படும் கருத்தடை அறுவையையும் 14ஆம் பத்தி பெயர் சொல்லி விலக்குகிறது என்பதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டுக்கு வரும்போது அந்த ஒரு வரிதான் மடல் முழுவதையும்விடக் கனக்கும்.

வாஷிங்டனில் ஒரு மாலை

அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் அறநெறி இறையியல் ஆசிரியரான சார்லஸ் கரன் அப்போது 34 வயதினர். அதற்கு முந்தைய ஆண்டு நிர்வாகம் அவருடைய பணியை நீட்டிக்க மறுத்தபோது மாணவரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்து வகுப்புகளையே நிறுத்தி, அவரை மீண்டும் அமர்த்த வைத்திருந்தார்கள். சுற்றுமடல் வெளியான ஜூலை 29 மாலையில் அவரும் சகாக்களும் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் கூடி அதைப் படித்து ஓர் அறிக்கை தயாரித்து, தொலைபேசி வழியாகக் கையொப்பங்களுக்கு இசைவு பெற்று, மறுநாள் 87 இறையியலார் பெயரில் பத்திரிகையாளரிடம் வெளியிட்டனர். பின்னர் அந்த எண்ணிக்கை 600ஐத் தாண்டியது. உலகெங்கும் ஆயர்கள் மடலை ஒழுங்காகப் படித்து முடிப்பதற்குள் மறுப்பு செய்தித்தாளில் வந்துவிட்டது என்பதை அவருடைய எதிராளிகள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அந்த அறிக்கையின் வாதம் இரண்டு படிகள் கொண்டது. சுற்றுமடல் தவறா வரத்துடன், அதாவது விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றித் திருச்சபை இறுதியாக வரையறுக்கும்போது பிழைபடாது என்னும் உறுதியுடன், அறிவிக்கப்பட்ட போதனை அன்று. எனவே போதுமான காரணம் உள்ள கத்தோலிக்கர் அதை மதித்து ஆராய்ந்தபின் அதிலிருந்து வேறுபடலாம் என்பது முதற்படி. தம்பதியர் தங்கள் மனச்சாட்சிப்படி, சில சூழல்களில் செயற்கைக் கருத்தடை ஏற்கத்தக்கது மட்டுமன்றித் திருமணத்தின் நலனுக்குத் தேவையானது என்றும் முடிவுசெய்யலாம் என்பது இரண்டாம் படி. இவற்றுக்குப் பின்னால், இயற்கைச் சட்டத்தை உடலுறுப்பின் இயக்கமாகவே சுருக்கிவிட்டார்கள் என்ற குறை இருந்தது. டெல்டாக்காரருக்கு இதை விளக்க ஒரு வழி உண்டு: முறைப்பாசனத்தில் தண்ணீர் வராத நாள் பார்த்து வாய்க்காலில் இறங்கி வேலை செய்வது நியாயம், தண்ணீர் வரும் நாளில் மதகை இறக்கிவிட்டு அதே வேலையைச் செய்வது அநியாயம் என்று ஒருவர் சொன்னால், இரண்டிலும் வாய்க்கால் வறண்டுதானே இருக்கிறது என்று எவரும் கேட்பார், முன்னதில் ஆற்றின் ஒழுங்குக்குப் பணிகிறோம், பின்னதில் அதை மறிக்கிறோம், இரண்டும் ஒன்றல்ல என்று சுற்றுமடல் விடைசொல்லும். இந்த விடை அற்பமானதன்று. ஆனால் அதற்குரிய கனத்தைத் தரும் காரணங்களை மடல் போதிய அளவு விளக்கவில்லை என்றே விலகி நின்று படிப்பவருக்குத் தோன்றும்.

பின்விளைவுகள் நீண்டகாலம் தொடர்ந்தன. வாஷிங்டன் பேராயர் கர்தினால் பேட்ரிக் ஓபாயில் மறுப்பில் சேர்ந்த சுமார் 40 குருக்கள்மீது நடவடிக்கை எடுத்தார். கையொப்பமிட்ட பேராசிரியர்களை விசாரித்த பல்கலைக்கழக ஆசிரியர் குழுவோ 1969இல் அவர்கள் பொறுப்புடனேயே நடந்துகொண்டார்கள் என்று முடிவுசெய்தது. ஆய்வுக்குழுவில் இருந்தவரான ஜெர்மன் இறையியலார் பெர்னார்டு ஹேரிங் வெளிப்படையாக எதிர்த்தார். ஜெர்மனி, கனடா ஆயர்கள்கூட, மனமொப்பி ஏற்க இயலாதவர்களின் மனச்சாட்சிக்கு இடம்விடும் அறிக்கைகளை 1968ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். இறையியலார் ஹான்ஸ் குங் இந்தச் சுற்றுமடலையே தொடக்கப்புள்ளியாகக் கொண்டு 1970இல் தவறா வரத்தையே கேள்விக்குள்ளாக்கி, 1979இல் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் உரிமையை இழந்தார். 1986இல் கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கரனுக்கும் அதே தீர்ப்பை வழங்கியது. பல்கலைக்கழகத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கு 1989இல் தோற்றது. பின்னர் டெக்சாஸில் ஒரு மெதடிஸ்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

குருமடத்து மௌனம்

இந்தக் கதையில் இந்தியப் பெயர் ஒன்றுகூட முன்வரிசையில் இல்லாததற்குக் காரணம் இந்திய இறையியலார் ஒருமனதாக உடன்பட்டார்கள் என்பதாக இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக இறையியலார் என்ற பிறவியே இங்கே ஏறக்குறைய இல்லை என்பதுதான் முதற்காரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவவியல் துறை போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, இந்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் இறையியல் கற்பிக்கப்படுவதில்லை. அது குருமடங்களில், அதாவது குருத்துவ மாணவரைப் பயிற்றுவிக்கும் உறைவிடக் கல்லூரிகளில், அல்லது ரோமின் நேரடி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் கற்பிக்கப்படுகிறது. 1893இல் கண்டியில் தொடங்கி 1955இல் பூனாவுக்கு இடம்பெயர்ந்த பாப்பரசர் குருமடமாயினும், தமிழகத்துக் குருக்கள் பலர் பயின்ற திருச்சி தூய பவுல் குருமடமாயினும், அங்கே கற்பிப்பவர் ஓர் ஆயருக்கோ துறவற சபைத் தலைவருக்கோ கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்த குரு. அவருக்குப் பணிப்பாதுகாப்பு கோரும் ஆசிரியர் சங்கமோ, அவருக்காக வகுப்பைப் புறக்கணிக்கும் மாணவர் திரளோ கிடையாது. கரனுக்கு 1967இல் கிடைத்த வேலைநிறுத்தம் இங்கே எவருக்கும் கிடைத்திருக்க வழியில்லை.

வேறு பொருள்களில் வாய் திறந்த ஆசிய இறையியலாருக்கு நேர்ந்ததும் பின்னாளில் கண்முன் இருந்தது. இலங்கையின் அமலமரி தியாகியர் சபைக் குரு திஸ்ஸ பாலசூரிய, மரியன்னையைப் பற்றி எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டு, ஓராண்டுக்குப் பிறகே மீண்டும் ஏற்கப்பட்டார். இதையெல்லாம் பார்த்த குருமட ஆசிரியர்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டார்கள் என்று கருதுவதில் பிழையிருக்காது: எழுத்தில் போதனையை அப்படியே கற்பித்து, மனிதருடைய இயலாமையைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் கூண்டின், இருளில் இரக்கத்தோடு சந்திக்கும் வழி. மறுப்பு என்று அதற்குப் பெயரிட முடியாது. உடன்பாடு என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

இந்தியத் தொடர்புள்ள ஒருவர் மட்டும் பிற்காலத்தில் வெளிப்படையாக நின்றார். டச்சுக்காரரான ஜான் வைங்கார்ட்ஸ் 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் ஹைதராபாத் புனித யோவான் குருமடத்தில் ஆசிரியராக இருந்தவர். 1998இல் குருப்பணியிலிருந்து விலகிய அவர் நிறுவிய ஆய்வு மையம் 2016 செப்டம்பர் 20 அன்று, நூற்றுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க அறிஞர்களின் ஒப்பத்துடன், கருத்தடை மீதான தடைக்கு விவிலியத்திலோ இயற்கைச் சட்டத்திலோ அடிப்படையில்லை என்ற அறிக்கையை வெளியிட்டது. அதே நாளில் அதற்கு மறுப்பாக, சுற்றுமடலைத் தாங்கிப்பிடிக்கும் அறிஞர்களின் அறிக்கை வெளியான இடம் வாஷிங்டனின் அதே கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். 48 ஆண்டுகளில் மேடை மாறவில்லை; பேசுபவர்களே மாறியிருந்தார்கள்.

வார்டில்

இந்திய அரசு 1952இல் உலகிலேயே முதலாவதாகத் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி என்பதால் ரோமுக்கு உவப்பான முறையையே விரும்பினார். உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய ஆபிரகாம் ஸ்டோன், பாதுகாப்பான நாள்களுக்கு ஒரு நிறமும் மற்ற நாள்களுக்கு வேறு நிறமுமாக மணிகள் கோத்த மாலைகளை தில்லியிலும் மைசூர்ப் பகுதியின் ராமநகரத்திலும் பெண்களிடம் கொடுத்து, நாளுக்கொரு மணி தள்ளச் சொன்னார். செபமாலை உருட்டிப் பழகிய கத்தோலிக்கப் பெண்ணுக்கு ஒருவேளை அது எளிதாக இருந்திருக்கும், நாட்டுக்கு உதவவில்லை. அதே காலத்தில் மதராஸ் மாநிலம் அறுவைச் சிகிச்சைப் பக்கம் திரும்பி, 1950களின் இறுதிக்குள் அதற்கு ரொக்கம் தரும் ஏற்பாட்டையும் தொடங்கிவிட்டது. சுற்றுமடல் வந்த 1968ஆம் ஆண்டே நிரோத் ஆணுறையும் சந்தைக்கு வந்தது: மூன்று பதினைந்து பைசா, தேநீர்த்தூளும் தீப்பெட்டியும் விற்கும் அதே பெட்டிக்கடைகளில்.

கருத்தடையை ஏழைமைக்கோ நாட்டு நலனுக்கோ மருந்தாகப் பாராமல் பெண்ணின் விடுதலையாகப் பேசும் மொழியும் தமிழில் ஏற்கெனவே இருந்தது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கர்ப்பத்தடை' என்றே ஓர் அத்தியாயம் உண்டு. கரன் முப்பதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு திருச்சபைக்குள்ளிருந்து கேட்ட சுதந்திரத்தின் ஒரு பகுதியைக் காவிரிக் கரையில் முதலில் கேட்டவர் ஒரு நாத்திகர் என்பதைப் பங்குச் சாமியார்கள் ரசித்திருக்க மாட்டார்கள்.

விளைவு கணக்கில் தெளிவாக இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்; மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இந்தியக் கிறிஸ்தவர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சராசரி 1.88, இந்துக்களுடையதைவிடச் சற்றுக் குறைவு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண்ணுக்கு இது 'ஆபரேஷன்' என்ற ஒரே சொல். இரண்டாவது பிரசவம் உள்ளூரிலோ, சிக்கலென்றால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையிலோ நடந்து, அதே படுக்கையில், வீடு திரும்புமுன் முடிந்துவிடுவது. கத்தோலிக்க மருத்துவமனைகள் கொள்கையளவில் அதைச் செய்யாதவை என்பதால் அங்கே பிள்ளை பெற்றவள் பின்னர் அரசு மருத்துவமனைக்கு வருகிறாள்; குனிந்து நடவு நடுபவளாக இருந்தால், குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையில் எந்த வாரம் படுத்தால் கூலி குறைவாகப் போகும் என்று கணக்குப் பார்க்கிறாள். புருஷன் செய்துகொண்டால் எளிது என்று செவிலியர் சொன்னால், அவர் மூட்டை தூக்குபவர், தெம்பு போய்விடும் என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது, அதில் மருத்துவ உண்மை இல்லாதபோதும்.

இங்கேதான் மேலைநாட்டு இறையியலார் சந்திக்காத ஒரு முரண் எழுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற மனஸ்தாபம் மட்டும் போதாது, இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினையும் வேண்டும். மாத்திரை உட்கொள்ளும் அமெரிக்கப் பெண் மறுநாளும் உட்கொள்ளப்போகிறவள். ஆகவே அவளுடைய சிக்கல் வாரந்தோறும் புதுப்பிக்கப்பட்டது, அதற்காகவே மனச்சாட்சியின் உரிமை பற்றி நூல்கள் எழுத வேண்டியிருந்தது. அறுவை செய்துகொண்ட தமிழ்ப் பெண்ணோ ஒரே செயலை ஒருமுறை அறிக்கையிட்டு ஒருமுறை மன்னிப்புப் பெற்றால் முடிந்தது; அறுவையைத் திருப்பச் செய்தாக வேண்டும் என்று திருச்சபை பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. போதனையின் கண்ணில் மிகக் கடினமான முறை, நடைமுறையில் குருவுக்கும் பெண்ணுக்கும் மிக எளிதில் தீரும் முறையாகிப்போனது. தமிழகத் திருச்சபை இந்தப் புயலைச் சேதமின்றிக் கடந்ததற்கு இறையியல் ஒற்றுமையைவிட இந்தச் சிறு நடைமுறை வசதியே பெரிய காரணமாக இருந்திருக்கும்.

ஆனால் சுற்றுமடலுக்கும் ஒரு நியாயம் செய்தாக வேண்டும். கருத்தடையை ஏற்றுக்கொண்டுவிட்டால், அதை மக்கள்மீது திணிப்பதிலிருந்து ஆட்சியாளர்களை யார் தடுப்பார்கள் என்று அதன் 17ஆம் பத்தி கேட்டது. மேலை இறையியலார் பெரும்பாலும் கடந்துபோன அந்தப் பத்திக்கு இந்தியா எட்டே ஆண்டில் விடை கொடுத்தது. நெருக்கடிநிலையின் உச்சமான 1976–77இல் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்கு, இலக்கு வைத்து, சம்பளத்தையும் ரேஷன் அட்டையையும் காட்டி மிரட்டிச் செய்தவை. அதன்பின் ஆண்களை அணுக அஞ்சிய திட்டம் பெண்கள்மீது சாய்ந்தது. எச்சரித்தவர்களால் அதைச் சொல்லிப் பெருமைகொள்ள முடிந்ததே தவிர, ஏழைப் பெண்ணுக்கு அவர்கள் கொடுத்த மாற்று, சளியின் தன்மையைப் பார்த்து நாள் கணிக்கும் பில்லிங்ஸ் முறை, கணவனின் ஒத்துழைப்பு இல்லாத வீட்டில் செல்லுபடியாகவில்லை. அன்னை தெரசா 1979இல் தம் நோபல் உரையிலேயே கல்கத்தாவில் இம்முறையால் தவிர்க்கப்பட்ட பிறப்புகளைக் கணக்கிட்டுச் சொன்னார். அந்த ஊக்கம் டெல்டாவின் குடிசைவரை வந்துசேரவில்லை.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. கேரளத்தின் பாலா மறைமாவட்டம் 2021இல் ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளையுள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக அறிவித்தது. மக்கள்தொகைக்கேற்ப நடக்கும் தொகுதி மறுவரையறையில் இடங்கள் குறையும் என்ற அச்சத்தில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துத் திருமண மேடையில் புதுமணத் தம்பதியரை உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார். போதும் என்றவர்களும் வேண்டும் என்கிறார்கள். கேட்கப்படுபவள் மட்டும் அவளேதான்.

2016 செப்டம்பரில் இறையியலாரின் இரண்டு அறிக்கைகளும் மோதிக்கொள்வதற்கு ஆறு நாள் முன்னர், 14ஆம் தேதி, தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்தடை முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துமாறு ஆணையிட்டது. பிலாஸ்பூரில் 2014இல் அப்படியொரு முகாமில் அறுவைக்குப்பின் பெண்கள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அறுவைக்கு முன் கையொப்பமிட வேண்டிய ஒப்புதல் படிவத்தில், வெளியாரின் வற்புறுத்தலோ ஆசைகாட்டலோ பலாத்காரமோ இல்லாமல் தானாகவே இம்முடிவுக்கு வந்ததாக ஒரு வாசகம் உண்டு. கணவரின் சம்மதம் தேவையில்லை என்பதும் விதியிலேயே இருக்கிறது. கரனும் அவருடைய நண்பர்களும் ஒரு மாலை முழுவதும் கூடி விவாதித்து எழுதிய வாக்கியத்துக்கு அந்தப் படிவத்தின் வாசகம் மிக நெருக்கமானது. வார்டில் அதை யாராவது உரக்கப் படித்துக்காட்டும் நாளில் அவள் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறாள். இல்லாத நாளில், பக்கத்தில் உறங்கும் பச்சைப்பிள்ளையின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில்.